சோதித்துப் பார்த்த சோறு

ராக்கம்மாவுக்கு வீரம்மாதான் பத்தியம் ஆக்கிப் போடுவாள் என்று அழகுமுத்து கங்காணி சொன்ன அன்றைக்கு, அந்த லயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காதவர்கள் குறைவு. வீரம்மா அவருடைய மூத்த தாரம். ராக்கம்மா இளைய தாரம். இரண்டு பேருக்கும் பேச்சு நின்று மாதக்கணக்காகியிருந்தது.

அரிசி விலை ஏறி, கொழும்பில் கடையடைப்பும் கலவரமும் நடந்த வருஷம் அது. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற ரோட்டுக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது அவர்களுடைய தேயிலைத் தோட்டம். லயம் என்கிற அந்த நீளமான வரிசை வீட்டில் அழகுமுத்துவுக்குப் பக்கத்துப் பக்கத்து அறைகளாக இரண்டு காம்பராக்கள் கிடைத்திருந்தன. ஒன்றில் வீரம்மா, மற்றதில் ராக்கம்மா. பின்பக்கத்து அடுப்படி மட்டும் பொது. ஒருத்தி உள்ளே இருந்தால் மற்றவள் வாசலோடு திரும்பிவிடுவாள்.

வீரம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய அம்மா அந்தத் தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்து செத்துப்போனவள். அதனால் பிள்ளை பெற்றவளுக்கு எந்த நாளில் எதைக் கொடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் வீரம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். லயத்தில் யாருக்குப் பிரசவம் ஆனாலும் சரக்கு அரைத்து வாங்க அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். அரைத்துக் கொடுப்பாள். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளையில்லாதவளுடைய கண் பட்டுவிடும் என்று பயம். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ராக்கம்மா செய்ததுதான் பழகவில்லை. அவள் முழுகாமல் இருந்த ஒரு நாள், மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, வீரம்மாவின் வாளி ராக்கம்மாவின் வாளியில் பட்டுவிட்டது. ராக்கம்மா பிடித்த தண்ணீரை அப்படியே சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். "புள்ளத்தாச்சி குடிக்கிற தண்ணி. காஞ்ச மரத்து நெழலு இதுல படக்கூடாது" என்றாள். பீலியைச் சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். வீரம்மா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

பிரசவம் கஷ்டமாக இருந்தது. பெண் குழந்தை. தாய்க்கு இரத்தம் ஏராளமாகப் போய்விட்டது. தோட்டத்து டாக்டரையா வந்து பார்த்து, ஒரு போத்தல் மருந்தைக் கொடுத்துவிட்டு, மருந்தைவிடச் சாப்பாடுதான் முக்கியம், நன்றாகச் சாப்பிட வைக்காவிட்டால் தாயும் நிற்கமாட்டாள், பிள்ளையும் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ராக்கம்மாவுக்கு அம்மா இல்லை. ஒரே சொந்தம், தோட்டத்தின் கீழ் டிவிசனில் இருந்த சின்னம்மா காளியாயிதான். அவளுக்கு அடுப்படி வேலை அவ்வளவாக வராது.

சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு வீரம்மா திரும்பியபோது அழகுமுத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னார். அவள் தலையிலிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றிக்கொண்டே, "வேற ஆளப் பாருங்க" என்றாள்.

"வேற ஆளு இருந்தா ஒங்கிட்ட வந்து நிப்பேனா? ஆக்கிப் போட மாட்டேன்னு நீ சொல்லி, பெறகு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, லயத்துல என்னா பேசுவாங்கன்னு யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துத்தான் பார்த்தாள். ஆக்காமல் இருந்து தாயோ பிள்ளையோ செத்தால், வஞ்சம் வைத்துக் கொன்றவள் என்பார்கள். ஆக்கிப் போட்டுச் செத்தாலும் அதையேதான் சொல்வார்கள். ஆக்கிப் போட்டு இரண்டும் பிழைத்தால்தான் அவளுக்குத் தப்ப வழி. அதை நினைத்தபோது புருஷன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு, ராக்கம்மாமேல் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

"ஆக்குறேன்" என்றாள். "ஆனா பத்தியம் முடியிற வரைக்கும் அடுப்படிக்குள்ள வேற யாரு காலும் படக்கூடாது. ஒங்க காலும்தான்."

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகாமல் நோர்வூட்டுக்கு நடந்தாள். மக்பூல் நானாவின் கடையில் மிளகு, சீரகம், சுக்கு, திப்பிலி, ஓமம், மல்லி, கட்டி மஞ்சள், பெருங்காயம், மலைப்பூண்டு, உளுந்து, ஒரு போத்தல் நல்லெண்ணெய், சுறாக் கருவாடு எல்லாம் வாங்கினாள். கீழே நாவலப்பிட்டிப் பக்கமிருந்து வந்த முருங்கைக் கீரையும் ஒரு கட்டு இருந்தது. யாருக்குப் பத்தியம் என்று நானா கேட்டார். வீட்டுக்கு என்றாள். அவர் ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கட்டிக் கொடுத்தார்.

சரக்கை ஒவ்வொன்றாக வெறும் சட்டியில் வறுத்தாள். மிளகு வெடிக்கும் முன்னால் இறக்க வேண்டும், சீரகம் கருகக் கூடாது. அம்மியில் வைத்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மையாக அரைத்து உருட்டி வைத்தாள். நல்லெண்ணெயில் பூண்டை முழுசு முழுசாகப் போட்டு, அது பொன்னிறமாக வரும்போது அரைத்த சரக்கைக் கரைத்து ஊற்றினாள். புளி நாலு சொட்டுக்கு மேல் விடவில்லை. குழம்பு வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றபோது அந்த வாசம் லயத்துக் கடைசிக் காம்பரா வரைக்கும் போனது. சுட்ட கருவாட்டை உதிர்த்து, குழைய வடித்த சோற்றோடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, ராக்கம்மாவின் காம்பராவுக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தாள்.

ராக்கம்மா படுத்திருந்தபடியே தட்டைப் பார்த்தாள். பிறகு காலால் ஒரு தள்ளு தள்ளினாள். சோறு சாணி மெழுகிய தரையில் சிதறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காளியாயி, பச்சை உடம்புக்காரி, எதையாவது கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வீரம்மா குனிந்து சோற்றை அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

சாயந்தரம் மறுபடியும் கொண்டுபோனாள். இந்தத் தடவை காளியாயி தட்டை வாங்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தாள். ஒரு கைப்பிடி சோற்றை எடுத்துக் குழம்போடு பிசைந்து, கானோரத்தில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிக் கோழிக்கு முன்னால் போட்டாள். அது வீரம்மாவின் கோழி. அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கோழி கொத்தித் தின்றது, அலகைக் கல்லில் துடைத்தது, சிறகை உதறிவிட்டு மறுபடியும் மண்ணைக் கிளறியது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீரம்மாவும் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ராக்கம்மா சாப்பிடவில்லை. மெள்ளக் கொல்லுகிற மருந்தும் இருக்கிறது என்று காளியாயி சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் வீரம்மா அந்தக் கோழியைப் பிடித்து அறுத்தாள். எலும்போடு தட்டி, மிளகும் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு, மண்சட்டியில் வெகுநேரம் கொதிக்க விட்டு ரசமாக இறக்கினாள். சட்டியோடு கொண்டுபோய் ராக்கம்மாவின் தலைமாட்டில் வைத்தாள்.

"நேத்து சோதிச்சுப் பாத்தீங்களே, அந்தக் கோழிதான். இதையும் சோதிக்கணும்னா லயத்துல நாயி இருக்கு."

காளியாயி சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கானில் ஊற்றினாள். நாய்கள் ஓடிவந்து நக்கின. இரண்டு நாளில் காளியாயியின் கங்காணி ஆள் அனுப்பிவிட்டார். வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவதாகச் சொன்னார்கள். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழ் டிவிசனுக்குப் போனாள். போகும்போது ராக்கம்மாவிடம், அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராக்கம்மா பாண் ரொட்டியும் பால் விடாத பிளேன்டீயுமாகக் கிடந்தாள். அழகுமுத்து காலையில் ஒரு றாத்தல் பாண் வாங்கி வைத்துவிட்டு மலையில் வேலைக்குப் போய்விடுவார். அவள் உதடு வெளுத்து, எழுந்து நின்றால் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மாரில் பால் வற்றியது. குழந்தை சப்பிப் பார்க்கும், ஒன்றும் வராது, வீறிடும். இராப் பகலாக அந்த அழுகை சுவரைத் தாண்டி வீரம்மாவின் காம்பராவுக்குள் கேட்டது. அந்த அழுகையில் வீரம்மாவின் மனசு இளகியது என்று யாராவது சொன்னால் அது பொய். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தப் பிடிவாதக்காரி செத்து, செத்த பிறகும் தன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகப்போகிறாளே என்று வயிறு எரிந்தது.

அன்றைக்கு உளுத்தங்களி கிண்டினாள். உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெயை விட்டு விட்டுக் கிளறினாள். களி கையில் ஒட்டாமல் உருண்டு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டுபோய் ராக்கம்மாவுக்கு நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டின் நடுவிலிருந்து ஒரு உருண்டையைக் கிள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

ராக்கம்மா முகத்தைச் சுளித்தாள். "ஒன் எச்சியத் திங்கவா?"

"வெசம்னா நானும் சாவேன். எச்சின்னா நீ சாவ மாட்ட. எது வேணும்னு நீயே பாத்துக்க." வீரம்மா அசையவில்லை. "திங்காம சாவணும்னு ஆசையா இருந்தா, நான் இல்லாத வீட்டுல போயிச் சாவு. எம் மேல பழிய வச்சிட்டுப் போவாத."

"நான் செத்தா ஒனக்குச் சந்தோசம்தானே."

"ஆமா. சந்தோசம்தான். ஆனா நீ என் சோறு தின்னு சாவலன்னு ஊருக்குத் தெரியணும்."

குழந்தை மறுபடியும் அழ ஆரம்பித்தது. அழுவதற்கும் அதற்குத் தெம்பில்லை. பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருந்தது. ராக்கம்மா அதைப் பார்த்தாள். களியைப் பார்த்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டாள். நல்லெண்ணெய் வாசமும் கருப்பட்டியின் கனத்த இனிப்பும் நாக்கில் பட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாட்கணக்காகக் காய்ந்து கிடந்த உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. தட்டை வழித்துத் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். தன்னை ஜெயித்துவிட்டாளே என்கிற ஆத்திரத்தில்தான் அழுதாள். வீரம்மா காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அப்படித்தான் நடந்தது. வீரம்மா முதல் வாய் தின்பாள், தட்டைத் தள்ளுவாள், ராக்கம்மா தின்று முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பாள். முருங்கைக் கீரையைப் பூண்டோடு வதக்கிப் போட்டாள். சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டாக வைத்தாள். ஓடையோரத்தில் பறித்த வல்லாரையைத் துவையலாக அரைத்தாள். தன் காய்கறித் தோட்டத்துண்டில் காய்த்த போஞ்சியை மிளகு போட்டுப் பிரட்டினாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் காலையில் கேழ்வரகு மாவில் குரக்கன் கஞ்சி காய்ச்சினாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசினார்கள், அதுவும் சண்டையாக. உப்பில்லை என்பாள் ராக்கம்மா. பத்தியத்துக்கு அவ்வளவுதான் என்பாள் வீரம்மா. கசக்கிறது என்றால், ஒன் வாய்க்கு அதுதான் சரி என்பாள்.

பால் ஊறியது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது. இதெல்லாம் லயத்துக்குத் தெரிந்துபோனது. தெரிந்ததும் அழகுமுத்து மலையில் மற்றக் கங்காணிமாரிடம் பெருமை பேசினார். இரண்டு பெண்டாட்டியை எப்படி ஒரே அடுப்பில் கட்டுவது என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றாராம். அதோடு நிற்காமல், வேலை விட்டு வந்ததும் பத்தியக்காரிக்கு வைத்திருந்ததில் பங்கு கேட்டு வாங்க ஆரம்பித்தார். கருவாட்டில் நல்ல துண்டு அவருக்குப் போனது. கோழி வாங்கிச் சமைத்தால் காலும் ஈரலும் அவருக்குப் போயின. ஒரு நாள் ராக்கம்மா இன்னும் கொஞ்சம் புட்டு கேட்டபோது வீரம்மா சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, "கங்காணி தின்னுட்டாரு" என்றாள். அன்றைக்குப் புருஷன் உள்ளே வந்தபோது ராக்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் நல்ல மழை. அழகுமுத்து கம்பளியை உதறிப் போட்டுவிட்டு, அடுப்படி வாசலில் நின்று சோறு கேட்டார். வீரம்மா இதில் இருப்பது பத்தியச் சோறு, பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தான் என்றாள். அவருக்கு ரொட்டிக்கு மா பிசைந்து வைத்திருப்பதாகவும், சுட்டுக்கொள்ளட்டும் என்றும் சொன்னாள். அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். கையை ஓங்கினார்.

பின்னாலிருந்து ராக்கம்மாவின் குரல் வந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "அவ கைய ஒடிச்சுப் போட்டீங்கன்னா நாளைக்கு எனக்கு யாரு ஆக்குறது? நீங்களா?"

அதில் பாசம் இருந்ததாக வீரம்மாவுக்குத் தோன்றவில்லை. இல்லைதான். அழகுமுத்து ஒருத்தியையும் மற்றவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு, இரண்டு பேரையும் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, மழையிலேயே வெளியே போனார். அவர் போன பிறகு ராக்கம்மா, "குழம்பு கருகுது" என்று மட்டும் சொன்னாள். வீரம்மா போய்ச் சட்டியை இறக்கினாள்.

பத்தியம் முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள் வந்தது. ராக்கம்மா கன்னத்தில் சதை வைத்து, தலைமயிர் மினுங்க உட்கார்ந்திருந்தாள். குழந்தை, தூக்கியவர் சீக்கிரமே அடுத்தவர் கைக்கு மாற்றிவிடுகிற அளவுக்குக் கனத்திருந்தது. கீழ் டிவிசனிலிருந்து காளியாயி சொந்தங்களோடு வந்தாள். வீரம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் அடுப்படியில் இருந்தாள். வந்த பெண்களிடம் காளியாயி, தான் வாராவாரம் சரக்கு அரைத்து அனுப்பியதால்தான் பிள்ளை பிழைத்தது, இல்லாவிட்டால் அந்தக் கையில் அகப்பட்டு என்ன ஆகியிருக்குமோ, மாரியாத்தாதான் காப்பாற்றினாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சிட்டிகை மஞ்சள்கூட அனுப்பியதில்லை. ராக்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள்.

வீரம்மா அதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். கையைக் கழுவினாள். அவள் தம்பி செல்லசாமி பொகவந்தலாவைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தான். அங்கே பேர் பதிவதற்குக் கணக்கப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் வா என்று அவன் போன மாதமே சொல்லி அனுப்பியிருந்தான். பத்தியம் முடியட்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டினாள். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த அம்மியைச் சாக்கில் சுற்றித் தலையில் ஏற்றிக்கொண்டாள். குழவியை எடுக்கக் கை இல்லை. விருந்துக்காரர்களுக்கு நடுவே அவள் நடந்து வந்தாள். எங்கே போகிறாய் என்று அழகுமுத்து கேட்டார். தம்பி வீட்டுக்கு என்றாள். யாரைக் கேட்டுப் போகிறாய் என்று கத்தினார். அவள் இஸ்தோப்புப் படியில் இறங்கினாள். இப்போது போனால் திரும்பி வரக்கூடாது என்றார். சரி என்றாள்.

ராக்கம்மா எழுந்தாள். குழந்தையைக் கொண்டுபோய் அழகுமுத்துவின் கையில் திணித்தாள். அடுப்படிக்குள் போய்க் குழவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வீரம்மாவுக்குப் பின்னால் நடந்தாள். எங்கேடி போற என்று காளியாயி கூப்பிட்டது அவள் காதில் விழாத மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் ரோட்டுக்கு இறங்கினார்கள். குறுக்குப் பாதையில் மழை ஈரம் வழுக்கியது. பஸ் வருகிற இடத்தில் வீரம்மா அம்மியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். ராக்கம்மா குழவியை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"காளியாயி சொன்னதுக்கு நான் வாயத் தொறக்கல" என்றாள் ராக்கம்மா.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தொறந்திருந்தா எனக்கு இருக்குற ஒரே சொந்தமும் போயிருக்கும்."

"தொறக்கச் சொல்லி நான் கேக்கல. பீலியில நீ சொன்னதயும் நான் மறக்கல."

"மறக்கச் சொல்லி நானும் கேக்கல." ராக்கம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒன்னய எனக்கு இப்பவும் புடிக்காது."

"புடிக்க வேணாம். கஞ்சிய நிறுத்திராத. நிறுத்தினா பால் நிக்காது."

பஸ் வந்தது. கண்டக்டர் கல்லை ஏற்ற மாட்டேன் என்று முணுமுணுத்தான். ராக்கம்மா அவனோடு சிங்களத்தில் சண்டை பிடித்து, அம்மியை ஏற்ற ஒரு கை கொடுத்து, குழவியைத் தானே பஸ்ஸுக்குள் உருட்டிவிட்டாள். வீரம்மா ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வளைவில் மறைவதற்குள் ராக்கம்மாவும் மேட்டில் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

விருந்துக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்கள். காளியாயி மிச்சமிருந்த பணியாரத்தைக் கட்டிக்கொண்டு போனாள். அழகுமுத்து யாரோடோ குடிக்கப் போயிருந்தார். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு, பசி தாங்காமல் ராக்கம்மா அடுப்படிக்குள் போனாள். சட்டிகளெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. சாம்பல்கூட வழித்து அள்ளப்பட்டிருந்தது. சரக்கு டப்பாக்களைத் திறந்து திறந்து பார்த்தாள். மிளகில்லை, சுக்கில்லை, அரைத்து உருட்டிய சரக்கில் ஒரு உருண்டைகூட இல்லை. எல்லாவற்றையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போயிருந்தாள் வீரம்மா. குரக்கன் மா மட்டும் பானையின் அடியில் கொஞ்சம் கிடந்தது. ராக்கம்மா அவளை வாய்விட்டுத் திட்டினாள். அம்மா, பாட்டி வரைக்கும் இழுத்துத் திட்டினாள். பிறகு அடுப்புக்கு முன்னால் குந்தி, விறகைச் சேர்த்து ஊத ஆரம்பித்தாள்.